கடற்சாமந்தி குடிபெயர்தல்



உத்தியோகத்தின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு வீடு மாற்றுவது புதிய அனுபவமன்று. உடையும் பொருளுக்குத் துணி சுற்றி, கனமான பொருளை அடியில் வைத்து மூட்டை கட்டுவதில் நாம் கைதேர்ந்தவர்களே. ஆயினும், வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்து, அதில் ஒரு கடற்சாமந்தியும் வாழுமாயின், அந்த ஒன்றை மட்டும் மூட்டை கட்டிவிட இயலாது. ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்கு அதை உயிருக்கு ஊறின்றி மாற்றும் முறையை இன்று கூற முற்படுகிறேன்.

பெயர் மலரின் பெயராயினும் கடற்சாமந்தி ஒரு பிராணியே. பவளத்துக்கும் சொறிமீனுக்கும் உறவு. இதழ்கள் போலத் தோன்றுவன அதன் உணர்கொம்புகள். அவற்றில் கொட்டும் நுண்ணறைகள் நிறைந்துள்ளன. நடுவே ஒரே வாய். உணவு செல்வதும் கழிவு வெளிப்படுவதும் அவ்வழியே. அடியில் தட்டையான பாதம். அதனால் பாறையைப் பற்றி நிற்கும், விரும்பினால் மெல்ல நகரவும் செய்யும். எலும்பில்லை, ஓடில்லை, உடலில் நிறைந்த நீரே அதற்கு நிமிர்வைத் தருகிறது. வெப்பக் கடல்களில் வாழும் பல இனங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. கோமாளி மீன் இதன் கொம்புகளுக்கிடையே அஞ்சாது வாழ்வது பலரும் அறிந்ததே.

திருவனந்தபுரத்தில் உள்ளவர்கள் இவ்வுயிர்களைப் பற்றி அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை விழிஞ்ஞத்தில் உள்ளது. கோமாளி மீன் முதலிய அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் ஆராய்ச்சி அங்கே நடைபெற்றது. சாகரிகா என்னும் கடலுயிர்க் காட்சியகத்தையும் அந்நிலையம் அங்கு அமைத்தது.

நல்ல பராமரிப்பில் இப்பிராணி எத்தனை காலம் வாழும்? 1828ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சர் ஜான் டாலியெல் என்ற விஞ்ஞானி ஒரு கடற்சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851இல் அவர் மறைந்தார்; சாமந்தி மறையவில்லை. அது எடின்பரோ நகரில் கைமாறிக் கைமாறிப் பிற அறிஞர்களிடம் வாழ்ந்து, 1887இல்தான் இறந்தது. ‘பாட்டி’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. வளர்த்தவரை விஞ்சி வாழ்ந்த அப்பிராணி, ஒவ்வொரு கைமாற்றத்தையும் தாங்கியது. அது குளிர்கடல் இனம். நம் வெப்பக்கடல் இனங்கள் இன்னும் நுட்பமானவை. ஆகவே, அவசரப்பட்ட ஒரு மணி நேரம் பல்லாண்டு வாழ்வை முடித்துவிடக் கூடும் என்பதை நினைவிற்கொள்க.

முதலாவது, போய்ச்சேரும் தொட்டி தயாராக இருக்க வேண்டும். நேற்று நிரப்பிய தொட்டி உதவாது. ஆறு மாதமேனும் நன்கு இயங்கி நிலைபெற்றதாக இருத்தல் நலம். ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 25 முதல் 28 டிகிரி வரை வெப்பமும் அமைந்து, இரு தொட்டிகளின் நீரும் கூடியவரை ஒத்திருக்க வேண்டும். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. செம்பும் பித்தளையும் நீரில் பட லாகாது. சிறிதளவு தாமிரமும் இதற்கு நஞ்சு. நம் வீட்டுக் குடமும் தவலையும் எவ்வளவு துலக்கமாயினும் இந்த வேலைக்கு ஆகா. பிளாஸ்டிக் வாளியே போதும்.

இரண்டாவது, பற்றிய இடத்திலிருந்து விடுவித்தல். இங்கேதான் பெரும்பாலான உயிர்கள் பறிபோகின்றன. நாற்றங்காலில் நீர் பாய்ச்சி, மண் இளகிய பின்பே நம் உழவர் நாற்றைப் பிடுங்குவர். வேர் அறுந்த நாற்று பிழைக்காது. கடற்சாமந்தியின் பாதமும் அத்தகையதே. கிழிந்தால் புண் அழுகி உயிர் போகும். சிறு கல்லைப் பற்றியிருந்தால் கல்லோடு எடுத்துவிடுவதே உத்தமம். கண்ணாடியைப் பற்றியிருந்தால், பாதத்தின் விளிம்பில் விரல் நுனியை மெல்லச் செலுத்திச் சிறிது சிறிதாக நெகிழ்த்தலாம். கண்ணாடியின் வெளிப்புறத்தில் அவ்விடத்திற்கு நேராகப் பனிக்கட்டித் துண்டை வைத்தால், குளிர் பொறாமல் தானே பிடி தளர்த்துவதுண்டு. பாறை இடுக்கில் இருப்பின், பாதத்தின் மேல் மென்மையான நீரோட்டத்தைச் செலுத்திக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஆயினும் ஆகட்டும். இழுத்தல் மட்டும் கூடாது. கையுறை அணிவது இரு தரப்புக்கும் நன்று: கொட்டு நம்மைத் தாக்காது, நம் கையின் சோப்பும் எண்ணெயும் அதைத் தாக்கா.

மூன்றாவது, பயணம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே உணவை நிறுத்திவிடுக. இல்லையேல் வழியில் உணவைக் கக்கித் தன் நீரைத் தானே கெடுத்துக்கொள்ளும். அது சுருங்கிய பின், பையை நீருக்குள்ளேயே கொண்டுசென்று அதில் ஏற்றுக. பழைய தொட்டியின் நீர் ஒரு பங்கும் காற்று இரு பங்குமாக இரட்டைப் பையில் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் இருளாக வைத்தல் வேண்டும். உருளும் கல்லோ, வேறு மீனோ அப்பையில் கூடாது. கோமாளி மீனுக்கும் தனிப் பையே. நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவில் செல்வோர் காலை வேளையில் புறப்படுவது நலம். நிறுத்திய வண்டியில் நண்பகல் வெயிலில் பெட்டியை விட்டுச் செல்வது கொலைக்கு ஒப்பாகும்.

நான்காவது, புதுக்குடியேற்றம். பையைத் திறவாமல் இருபது நிமிஷம் புதிய தொட்டியின் நீரில் மிதக்கவிடுக. பின் ஒரு வாளியில் மாற்றி, மெல்லிய குழாய் வழியே புதிய நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரமேனும் சேர்க்க வேண்டும். பயணத்தில் வந்த நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பாறையில் ஓர் இடுக்கில் அமர்த்திவிட்டு, அது பற்றும் வரை நீரோட்டத்தைத் தணித்து, விளக்கொளியையும் சில நாள் குறைத்து வைக்க. பம்பின் வாய்க்கெல்லாம் வலை கட்டுதல் தவறாத கடமை. இடம் தேடி அலையும் சாமந்தி அதில் சிக்கிச் சிதைந்தால் தொட்டி முழுவதும் நஞ்சாகும். ஒரு வாரம் உணவு தர வேண்டா. வாய் மூடி, கொம்புகள் ஒட்டும் தன்மையுடன் இருப்பின் நலமே. வாய் பிளந்து, உடல் நைந்து, துர்நாற்றம் வீசினால் உடனே அகற்றிவிட வேண்டும். தயங்கினால் ஒன்றோடு மற்றவையும் போகும்.

இறுதியாக ஒரு சொல். பவளங்களையும் கடல் விசிறிகளையும் கடற்குதிரைகளையும் 2001ஆம் ஆண்டில் நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் காப்பில் சேர்த்துக்கொண்டது. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986இலேயே தேசியப் பூங்காவாயின. ஆகவே சாமந்தியோடு பவளக்கல்லைப் பெயர்ப்பது குற்றமும் ஆகும். குமிழ்முனைச் சாமந்தி போன்ற இனங்கள் தொட்டியிலேயே தாமாக இரண்டாகப் பிரிந்து பெருகுவதுண்டு. அத்தகைய ஒன்றை நண்பருக்கு அளிப்பதால் கடலுக்குக் குறைவில்லை. ஒரு வீட்டின் வளம் மறு வீட்டிற்கும் செல்கிறது.

ஊர் மாறி வேரூன்றுவதற்கு வேண்டியவை ஒத்த நீரும், பொறுத்த கையும், சிறிது காலமுமே. இதை நம்மவர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.