பெயர் வெட்டப்பட்ட பிரதிகள்



மறைந்த நம் தோழரின் கோப்புகளை இந்த உரைக்காகப் புரட்டினோம். கட்டுரைகளைக் கைப்படப் பிரதியெடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு தாளின் அடியிலும் எழுதியவர் பெயர், இதழ், தேதி. அவரிடம் நாம் கற்காமல் விட்டது இதைத்தான்.

1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ‘இந்திரர் தேச சரித்திரம்’ அதில்தான் தொடராக வந்தது. ஒரு பைசாவுக்கு ஆய்வு! 1914இல் அவர் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். அதன் பிறகே கல்விப்புலம் அவரைப் பரவலாகப் பேசத் தொடங்கியது. இடைப்பட்ட எண்பத்தைந்து ஆண்டுகள் அவர் எழுத்தைக் காத்தவர்களில் முதன்மையானவர்கள் கோலார் தங்கவயலின் பௌத்தர்கள்.

1936இல் லாகூர் மாநாட்டில் அண்ணலைப் பேசவிடவில்லை. அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். எந்த ஆய்விதழின் ஒப்புதலும் அதற்கு இல்லை.

இன்றைக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர் தம் வட்டாரத்துப் பஞ்சமி நிலங்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கை, அதைத் தொடர்ந்த 1892 அரசாணை, அப்புறம் கிராமத்து ‘அ’ பதிவேடு. சர்வே எண் சர்வே எண்ணாக ஒப்பிட்டு, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். குறைதீர்க்கும் நாள் மனுக்களில் நம் மக்கள் அந்த அட்டவணையை இணைத்தார்கள். ஒரு கருத்தரங்கிலும் அது திரையில் வந்தது, “களத்தகவல்” என்ற பெயரில். வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. “நல்ல அனுபவப் பதிவு” என்றாராம் நேர்காணலில் ஒருவர். நாம் எழுதினால் அனுபவம், அதையே அவர்கள் எடுத்தாண்டால் கோட்பாடு. சமூகவியல் வகுப்பிலேயே நமக்குப் பழகிப்போன வேலைப்பிரிவினை இது.

ஆனால் அவர்களை மட்டும் குற்றம்சொல்லி மேடையிறங்க முடியாது. அந்தக் கட்டுரையை நாமும் படியெடுத்து ஊர் ஊராகக் கொடுத்தோம். ஒரு தாள் மிச்சமாகும் என்று முதல் பக்கத்தை விட்டுவிட்டோம். அவர் பெயர் இருந்தது அந்தப் பக்கத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த அட்டவணையில் இரண்டு சர்வே எண்கள் பிழை. கைதட்டிய நம்மில் ஒருவரும் அதைச் சரிபார்க்கவில்லை. மனு தள்ளுபடியான பிறகு அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். ஓர் ஆய்வை மதிப்பதென்றால் பென்சிலோடு உட்கார்ந்து படிக்க வேண்டும், தவறை எழுதியவரிடமே சொல்ல வேண்டும், எடுத்தாளும் இடத்தில் பெயரைப் போட வேண்டும். பொன்னாடை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆண்டு முதல் இப்படிப்பட்ட ஒரு கட்டுரையை மன்றம் தேர்ந்தெடுக்கும். இருவர் படித்துக் குறை எழுதித் தருவார்கள். எழுதியவரின் பதிலையும் சேர்த்து அச்சிடுவோம், சன்மானமும் உண்டு. முதலாவது அந்த மாணவியுடையது.

விட்டுப்போன முதல் பக்கத்தையும் திருத்திய அட்டவணையையும் அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். பழைய பிரதி வைத்திருக்கும் தோழர்கள் போகும்போது எடுத்துச்சென்று அதில் ஒட்டிக்கொள்ளுங்கள்.