பத்திரத்தில் எழுதாத பள்ளிக்கூடம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பொருளாதார நிபுணர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். லெட்ஜர் காலத்தையும் பார்த்தேன், கம்ப்யூட்டர் காலத்தையும் பார்த்தேன். அந்த அனுபவத்தை வைத்து ஒரே ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் குடியிருப்பில் பல வீடுகளில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. "பையன் வீடு பார்க்கிறான் சார். நல்ல ஸ்கூல் ஸோனில் வேண்டுமாம். விலை கொஞ்சம் கூட. நாங்களும் ஏதாவது கொடுத்து உதவலாமா என்று யோசிக்கிறோம்." இந்தப் பேச்சைக் கேட்காத வாரமில்லை. கொடுப்பது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் ஸோன் என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. குடியிருக்கும் முகவரிதான் அட்மிஷன் டிக்கெட். அங்கே இரண்டு எல்லைக்கோடுகள் உண்டு. ஒன்று பள்ளி மாவட்டத்தின் எல்லை. மற்றொன்று, அந்த மாவட்டத்துக்குள் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை. இந்த இரண்டாவது கோட்டைத்தான் ஸோன் என்கிறார்கள்.

ஊர்ப் பெயரை நம்பக் கூடாது. டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் பிளேனோ என்ற ஊரில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முகவரியில் பிளேனோ என்று இருந்தாலும் எல்லா வீடுகளும் பிளேனோ பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை அல்ல. சில பகுதிகள் பக்கத்து ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வரும், சில லூயிஸ்வில் பள்ளி மாவட்டத்தில் வரும். நம் ஊரில் ஒரு கிராமப் பெயரைச் சொல்லி மனை விற்பார்கள், சர்வே நம்பரைப் பார்த்தால் வேறு கிராமத்தில் இருக்கும். அந்தக் கதைதான்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்பது உண்மைதான். 1999-இல் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் பாஸ்டன் புறநகர்களில் இதை ஆராய்ந்து எழுதினார். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் அருகருகே இருக்கும் வீடுகளை ஒப்பிட்டார். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவிகிதம் கூடினால், பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவிகிதம் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று கண்டார். ஆக, நம் பிள்ளைகள் சொல்வது கட்டுக்கதை இல்லை. நல்ல பள்ளிக்குச் சந்தையில் விலை இருக்கிறது.

இனி நம் கணக்குக்கு வருவோம். இது உதாரணக் கணக்கு. ஒரே மாதிரி இரண்டு வீடுகள். பெயர் பெற்ற பள்ளியின் ஸோனில் இருக்கும் வீடு 60,000 டாலர் அதிகம். அந்தத் தொகையும் கடன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வழக்கமான 30 ஆண்டுக் கடன், வட்டி 6.5 சதவிகிதம். இந்த 60,000-க்கு மட்டும் மாதத் தவணை சுமார் 379 டாலர் வரும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் சொத்து வரி அதிகம். ஆண்டுக்கு 2 சதவிகிதம் என்று போட்டால் மாதம் இன்னொரு 100 டாலர். ஆக மொத்தம் மாதம் 479.

தொடக்கப் பள்ளி எத்தனை வருடம்? பெரும்பாலான இடங்களில் கிண்டர்கார்டன் முதல் 5-ஆம் வகுப்பு வரை 6 வருடம். 72 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஏறத்தாழ 34,500 டாலர். சரி, அதில் கடன் எவ்வளவு அடைந்திருக்கும்? தவணையாக மட்டும் 27,300 டாலர் கட்டியிருப்பார்கள். அசலில் 5,000-கூடக் குறைந்திருக்காது. மீதி எல்லாம் வட்டி. கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நீண்ட காலக் கடனில் ஆரம்ப வருடங்களில் கட்டுவதெல்லாம் வட்டிக்கே போகும்.

"விற்கும்போது அந்த 60,000 திரும்பி வருமே" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தப் பள்ளியும், அதன் பெயரும், அந்தக் கோடும் அப்படியே இருந்தால் வரும். அந்தக் கோடு பத்திரத்தில் எழுதப்படுவதில்லை என்பதைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன். வீட்டின் நாலு எல்லைகளும் பத்திரத்தில் இருக்கும். இந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் இடம் என்று எந்தப் பத்திரத்திலும் இருக்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி வாரியம் கூடி அந்தக் கோட்டை மாற்றி வரையலாம். பள்ளியையே மூடவும் செய்யலாம்.

நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. நான் சொன்ன அதே பிளேனோ, கல்விக்குப் பெயர் பெற்ற மாவட்டம். 2024 ஜூனில் அதன் வாரியம் 4 பள்ளிகளை மூட முடிவு செய்தது. அவற்றில் 2 தொடக்கப் பள்ளிகள். காரணம், பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததுதான். அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டார்கள். இதற்கு நேர்மாறாக, வேகமாக வளரும் புறநகரில் பள்ளி நிரம்பி வழியும். புதுப் பள்ளி கட்டுவார்கள், கோடு நகரும்.

அடுத்தது ரேட்டிங். ஜில்லோ போன்ற தளங்களில் வீட்டுப் படத்துக்குக் கீழே பள்ளிக்கு 10-க்கு இத்தனை என்று போட்டிருப்பார்கள். அந்த எண் கிரேட் ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு கொடுப்பது. அதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். தேர்வு மதிப்பெண் தனியாக இருக்கும். பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது தனியாக இருக்கும். மதிப்பெண் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் ஒட்டியே போகும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு 9 வருவது அதிசயமில்லை. சாதாரண வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி 6 வாங்கி, முன்னேற்றத்தில் நல்ல எண் வைத்திருந்தால், அங்கே ஆசிரியர்கள் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். வங்கியிலும் நாங்கள் டெபாசிட் தொகையை மட்டும் பார்த்து ஒரு கிளையை எடைபோட மாட்டோம். வளர்ச்சியையும் பார்ப்போம்.

ஆகவே, பிள்ளைகள் வீடு பார்க்கும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, கதவு எண்ணோடு முழு முகவரியைப் பள்ளி மாவட்டத்தின் தளத்திலேயே போட்டுப் பார்த்தார்களா? ஏஜெண்ட் சொன்னதும் விளம்பரத்தில் இருப்பதும் போதாது. மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, கடந்த ஐந்து வருடத்தில் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா? பள்ளி வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. எல்லை மாற்றம், மூடுதல் பற்றிய பேச்சு முதலில் அங்கேதான் வரும். நாம் வில்லங்கச் சான்றிதழ் வாங்குகிற மாதிரி அந்தக் கூட்டக் குறிப்புகளைப் படிக்க வேண்டும்.

மூன்று, அந்த ஸோனில் இருந்தாலும் பள்ளி நிரம்பிவிட்டது என்று வேறு பள்ளிக்கு அனுப்புவார்களா? சில மாவட்டங்களில் அப்படி உண்டு.

நான்கு, 5-ஆம் வகுப்புக்குப் பிறகு அந்த முகவரிக்கு எந்த நடுநிலைப் பள்ளி, எந்த உயர்நிலைப் பள்ளி? ஆறு வருடத்தை மட்டும் பார்த்து முப்பது வருடக் கடன் வாங்கக் கூடாது.

ஐந்து, வாடகைக்கு இருந்தால் என்ன? இதை யாரும் கேட்பதே இல்லை. அங்கே அட்மிஷனுக்கு வேண்டியது அந்த ஸோனில் குடியிருப்பது. சொந்த வீடா, வாடகை வீடா என்று பார்ப்பதில்லை. அடுக்குமாடி வாடகை வீட்டுப் பிள்ளையும் பெரிய தனி வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் உட்காரும்.

என் மகளும் மாப்பிள்ளையும் டல்லாஸ் பக்கம்தான் இருக்கிறார்கள். அவர்கள் வீடு தேடியபோது, எங்கள் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து ஒரு டெபாசிட்டை உடைத்துத் தரலாம் என்று என் மனைவி சொன்னாள். நான் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளை இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் போனில், "மாமா, ஒரு வருடம் அந்த ஸோனிலேயே வாடகைக்கு இருந்து பார்க்கிறோம்" என்றார். பேத்தி கிண்டர்கார்டன் போகிறாள். பள்ளி பிடித்திருந்தால் அங்கேயே வீடு பார்ப்பார்கள். டெபாசிட் வங்கியிலேயே இருக்கிறது. வீடு முடிவானால் என் மனைவி விட மாட்டாள், கொடுப்போம். ஆனால் தெரிந்து கொடுப்போம்.

சிங்கப்பூரில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே முதல் வகுப்புப் பதிவில் 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 கிலோமீட்டர், அதற்கு மேல் என்று மூன்று தூரங்கள் பார்க்கிறார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குடிமக்களுக்கே முதலிடம். உங்கள் பிள்ளைகள் நிரந்தரவாசிகள் என்றால், 1 கிலோமீட்டருக்குள் இருந்தாலும் குடிமக்களுக்குப் பிறகுதான். தூரத்தைக் காட்டி முன்னுரிமை வாங்கினால், பதிவு தொடங்கும் காலத்திலிருந்து குறைந்தது 30 மாதம் அந்த முகவரியிலேயே குடியிருக்க வேண்டும்.

நம் சென்னையில் ஸோன் இல்லை என்று நினைக்கிறோம். தனியார் பள்ளிக்குக் கட்டணம்தான் கோடு. பில்டரின் விளம்பரத்தில் "பத்து நிமிடத்தில் பிரபல பள்ளி" என்று இருக்கும். பத்து நிமிடத்தில் பள்ளி வாசலுக்குப் போகலாம், அட்மிஷன் வேறு விஷயம். தூரத்துக்குச் சட்டத்தில் மதிப்புள்ள ஒரு இடம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. நம் மாநிலத்தில் அதற்குப் பார்க்கும் தூரம் 1 கிலோமீட்டர். நம் வளாகத்தில் வேலை செய்யும் காவலாளிகளும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் பக்கத்துத் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள். விண்ணப்ப அறிவிப்பு வரும்போது அவர்களுக்குச் சொல்லி, படிவம் நிரப்ப உதவ வேண்டும். நான் கையெழுத்து நன்றாக எழுதுவேன், ஆன்லைனிலும் நிரப்பத் தெரியும். என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

அமெரிக்காவுக்குப் பணம் அனுப்பப் போகிறவர்களும் வரலாம். தவணைக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். தொகையும் வட்டி விகிதமும் மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.