அளப்பவரும் மதகு திறப்பவரும்

(அதிராம்பட்டினத்தில் கூடிய நமது சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இளைஞர் பலர் இந்நாளில் சென்னையிலும் பெங்களூரிலும் தரவாய்வு என்னும் தொழில் செய்து வருகின்றனர். நாலைந்து வருடம் கழிந்தபின் அவர்களுள் சிலருக்கு ஒரு சந்தேகம் எழுகின்றது. 'டேட்டா அனலிஸ்டாகவே இருப்பதா, அன்றி பிராடக்ட் மானேஜராக மாறுவதா?' என்பதே அது. அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இவ்விரண்டின் இயல்பை நம் சீமையின் உவமையாலேயே விளக்கலாம். 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அங்கே வரும் நீரையும் போகும் நீரையும் நாள்தோறும் அளந்தெழுதுவோர் உளர். பாசனத்திற்கு ஜூன் 12-ல் மதகு திறப்பது வழக்கம். இருப்புக் குறைந்த வருடத்தில் திறப்பதா, பொறுப்பதா? கல்லணையில் காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு? இவற்றைத் தீர்மானிப்பது வேறு வேலை. அளவு தவறினால் தீர்மானமும் தவறும். அளவு சரியாயிருந்தும் தீர்மானம் தவறுவதுண்டு. அப்போது கடைமடையில் பயிர் காயும். குடியானவர் அளந்தவரைக் கேளார். திறக்க உத்தரவிட்டவரையே கேட்பர்.

அனலிஸ்ட் அளப்பவர். ஒரு மாற்றத்தைப் பாதிப்பேருக்குக் காட்டி, மறுபாதிக்குக் காட்டாது, இரண்டையும் ஒப்பிட்டு, விளைந்தது இன்னதென்று உரைப்பார். பிராடக்ட் மானேஜரோ எதனைச் செய்வது, எதனைச் செய்யாது விடுவது என்று முடிவு கூறி, பலாபலனுக்கு உத்தரவாதியாவார். பாதித் தகவல் கைக்கு வருமுன்னரே அவர் முடிவு கூற நேரும். மானேஜர் என்று பெயரிருப்பினும் பொறியாளர் பெரும்பாலும் அவர் கீழ் உத்தியோகஸ்தர் அல்லர். ஆகலின், ஆணையிட்டன்று, இணக்கியே அவர் காரியம் கொள்ளவேண்டும்.

இத்தொழில் புதிதன்று. 1931-ல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் காம்பிள் கம்பெனியில் நீல் மெக்கெல்ராய் என்பார், ஒவ்வொரு சோப்புக்கும் தனித்தனிப் பொறுப்பாளர் வேண்டுமென்று ஒரு குறிப்பு எழுதினார். அதுவே இதன் வித்து என்பர்.

அதே 1931-ல் கல்கத்தாவில் மகலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்துச் சணற்பயிரை மாதிரிக் கணக்கால் மதிப்பிட்ட அவர், பின்னர்த் திட்டக் கமிஷனிற் புகுந்து, 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு உருக்கொடுத்தார். அளந்த கை மதகைத் திறந்தது. கனரகத் தொழிலுக்கு முதன்மை தந்து வேளாண்மையைப் பின்னிறுத்தினார் என்னும் கண்டனமும் அவரைச் சேர்ந்தது. அவர் மாணாக்கர் சி. ஆர். ராவ் 1945-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் புள்ளியியலின் அடிப்படைகளுள் ஒன்று. நிர்வாகப் பொறுப்புகள் அவரையும் வந்தடைந்தன. எனினும் உலகம் அவரை ஆராய்ச்சியாலேயே அறிந்து, 2023-ல் அவரது 102-ஆம் வயதில் சர்வதேசப் புள்ளியியல் பரிசை அளித்தது. இவ்விருவருள் எவர் தாழ்ந்தவர்?

ஆகவே, இளைஞர்களே, உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். கணக்கு நேர்பட்டபோது மகிழ்கிறீர்களா? அக்கணக்கால் ஒருவரின் சிரமம் நீங்கியபோது அதிகம் மகிழ்கிறீர்களா? நீங்கள் எழுதியளித்த அறிக்கையைப் பிறர் கிடப்பிற் போட்டால் உள்ளம் பதைக்கிறதா? நால்வர் நான்கு விதமாய் வழக்காடுகையில், ஒருவரை மறுத்து மற்றவரை ஏற்கும் துணிவு உண்டா? பின்மூன்றுக்கும் ஆமென்பவர் மாறலாம். முதலாவதற்கு மட்டும் ஆமென்பவர் தம் தொழிலிலேயே ஆழ்ந்து உயர்வாராக.

ஐயமுள்ளோர் வேலையை விடாமலே வெள்ளோட்டம் பார்க்கலாம். அறிக்கையின் முடிவில் எண்ணோடு நில்லாது, 'இன்னது செய்க' என்று ஒரு வரி எழுதி, அதற்குப் பொறுப்பேற்றுப் பழகுங்கள். உங்கள் கம்பெனியிலேயே சிறியதொரு பகுதியை மூன்று மாதம் கேட்டு வாங்கி நடத்துங்கள். அதனைப் பயன்படுத்தும் ஜனங்களோடு அமர்ந்து, அவர்கள் இடறுமிடத்தை நேரிற் காணுங்கள். எண்கள் இடறலைக் காட்டும். காரணத்தைப் பெரும்பாலும் மனிதரே சொல்வர்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். 'மானேஜர்' என்னும் பட்டம் கலியாணப் பேச்சில் கௌரவம் தருமென்று பிள்ளைகளை நெருக்காதீர்கள். பட்டத்திற்காகப் பொறுப்பேற்றவன் இரவில் உறங்கான். அவனை நம்பிய குடும்பமும் உறங்காது. மாறியபின் மீள்வதும் இழிவன்று. தஞ்சை ஜில்லாக் கிராமக் குடும்பத்தவரான ஸ்ரீதர் வேம்பு, தாம் வளர்த்த ஜோஹோ கம்பெனியின் தலைமை நிர்வாகப் பதவியை 2025 ஜனவரியில் விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிக்குத் திரும்பினார்.

அளப்பவரும் வேண்டும், திறப்பவரும் வேண்டும். எவர் தம் இயல்பறிந்து நிற்கிறாரோ அவரால் கடைமடைக்கும் நீர் வரும்.