வீட்டுப் பட்டறைக்கு ஒரு சின்ன சி.என்.சி. லேத்: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். 30 வருஷத்துக்கு மேல் வங்கியில் குமாஸ்தா வேலை. எனக்கு இரும்பு கடையத் தெரியாது. அப்படிப்பட்டவன் லேத்தைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் என் தங்கை மகன். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து, கோவையில் சி.என்.சி. ஆபரேட்டராக இருக்கிறான். "மாமா, ஊருக்கே வந்து வீட்டு ஷெட்ல சின்னதா ஒரு சி.என்.சி. லேத் போடலாம்னு இருக்கேன். கொஞ்சம் பணம் குடுங்க" என்றான். கேட்டது என் ஓய்வுக்காலப் பணம். அதனால் மூன்று மாதம் இரண்டு பேரும் விசாரித்தோம். நம் குடியிருப்பில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே பேச்சு இருப்பதாகச் செயலாளர் சொன்னார். அவர்களுக்கும் உதவட்டும் என்று சொல்கிறேன்.

லேத் எல்லோரும் பார்த்ததுதான். ராடு சுழலும், கருவி நகரும், ராடு உருண்டையாகக் கடைபடும். சாதாரண லேத்தில் கருவியை நகர்த்துவது ஆளின் கை. சி.என்.சி.யில் அந்த வேலையைக் கணினி சொல்ல மோட்டார் செய்கிறது. எண்களைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டுவதை 1952ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டினார்கள். அப்போது துளையிட்ட காகித நாடாவில் எண்கள் போயின. இன்று அதே வேலையை மேஜை மேல் வைக்கும் 40, 50 கிலோ லேத்துகூடச் செய்கிறது. ஆசை வருவது இதனால்தான்.

முதல் கேள்வி, எந்த ஜாப் செய்யப் போகிறோம் என்பது. நம் ஊரில் உடனே பூட்டு நினைவுக்கு வரும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பூட்டின் உள்ளே இருக்கும் லீவர்கள் தட்டையான தகடுகள். அவற்றை வெட்டி, அரத்தால் ராவிச் சாவிக்குப் பொருத்துகிறார்கள். லேத் தட்டைத் தகட்டைச் செய்யாது. சாவித் தண்டு, பின், குமிழ் போன்ற உருண்டைச் சாமான்களுக்குத்தான் லேத். பூட்டு ஊரில் இருக்கிறோம், ஆகவே லேத் வாங்கினால் பூட்டு வேலை தானாக வரும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். என் மருமகன் மனதில் வைத்திருந்தது பம்ப்செட்டுக்கான பித்தளை புஷ், கதவுக் குமிழ், சாவித் தண்டு. மூன்றும் உருண்டை. அந்த வரை சரி.

அடுத்தது எத்தனை எண்ணிக்கை என்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். சாதாரண லேத்தில் தயாரிப்புக்கு 15 நிமிடம், பிறகு ஒரு புஷ்ஷுக்கு 12 நிமிடம் என்று வையுங்கள். சி.என்.சி.யில் புரோகிராம் எழுதி, கருவிகளை அளவு வைத்து முடிக்க 90 நிமிடம், பிறகு ஒரு புஷ்ஷுக்கு 4 நிமிடம். 9 புஷ் வரை சாதாரண லேத்தே முந்தும். 10வது புஷ்ஷில்தான் சி.என்.சி. முந்துகிறது. நூறு, இருநூறு ஒரே மாதிரி வேண்டும் என்றால் சி.என்.சி.க்கு ஈடில்லை. ஒடிந்த ஒரு ஷாஃப்டுக்கு மாற்று செய்வதற்கு அது வேண்டாம். வீட்டுப் பொழுதுபோக்குக்கு என்றால் சாதாரண லேத்தே போதும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போடும் அளவு, பெட்டின் மேல் எவ்வளவு விட்டம் சுழலும் என்பது. 180 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். கருவி உட்காரும் ஸ்லைடின் மேல் அது 110 அளவுக்கு இறங்கிவிடலாம். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண். அதோடு ஸ்பிண்டிலின் நடு ஓட்டை எவ்வளவு என்று கேளுங்கள். ஓட்டை 20 மி.மீ. என்றால் 25 மி.மீ. ராடு உள்ளே போகாது. ஒவ்வொரு ஜாப்புக்கும் துண்டு போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

எடையையும் கேளுங்கள். தொழிற்சாலை சி.என்.சி.க்கள் டன் கணக்கில் இருப்பது வீணுக்காக இல்லை. இயந்திரம் இலேசாக இருந்தால் வெட்டும்போது அதிரும், ஜாப்பின் மேல் வரி வரியாக விழும். பித்தளையில் தாக்குப் பிடிக்கும் லேத் எம்.எஸ். ராடில் திணறுவது இதனால்தான்.

கருவியை நகர்த்தும் ஸ்க்ரூ சாதாரண மரையா, பால் ஸ்க்ரூவா என்பது மூன்றாவது. சாதாரண மரையில் திசை மாறும்போது கொஞ்சம் சும்மா சுற்றும். அதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள். லேத்தில் பிசகு இரட்டிப்பாகும் என்பதையும் மறக்கக் கூடாது. குறுக்கே 0.02 மி.மீ. தவறினால் விட்டத்தில் 0.04 தவறும்.

நான்காவது மோட்டார். மலிவான இயந்திரங்களில் ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும். இத்தனை அடி நகரு என்று கணினி கட்டளை போடும். நகர்ந்ததா என்று திரும்பிப் பார்க்காது. இடையில் கருவி சிக்கி நின்றாலும் கணினிக் கணக்கில் போய்ச் சேர்ந்ததாகவே இருக்கும். பணத்தை எண்ணாமல் லெட்ஜரில் இருப்பு எழுதுவது போலத்தான் இது. சர்வோ மோட்டாரும், குளோஸ்டு லூப் ஸ்டெப்பரும் நகர்ந்ததைச் சரிபார்த்துக்கொள்ளும். அதேபோல மரை போட வேண்டுமானால் ஸ்பிண்டிலில் என்கோடர் வேண்டும். சுழற்சியும் நகர்வும் சேர்ந்து போகாவிட்டால் மரை சரியாக விழாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, விற்பவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ராடை எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் வைத்த சோதனைகள் நான்கு.

25 மி.மீ. எம்.எஸ். ராடைச் சக்கிலிருந்து 100 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் வைக்காமல் மெல்லிசாகக் கடையச் சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் இயந்திரம் நேராக இருக்கிறதா என்று தெரியும்.

அடுத்து, உங்கள் ஜாப்பையே 10 முறை தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். நடுவில் அளவைத் திருத்தக் கூடாது. முதலாவதையும் பத்தாவதையும் அளந்து பாருங்கள். இயந்திரம் சூடானால் அளவு மாறுகிறதா என்பது இதில் வெளிப்படும்.

பிறகு எம் 12 மரை ஒன்று போடச் சொல்லி, கடையில் வாங்கிய நட்டை மாட்டிப் பாருங்கள். கடைசியாக ராடைக் கட்டிங் டூலால் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். இலேசான இயந்திரத்துக்குக் கடினமான பரீட்சை இதுதான்.

இதற்குச் சம்மதிக்காத இடத்தில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கோவையில் கொடிசியா நடத்தும் இன்டெக் கண்காட்சியில் பல இயந்திரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இப்போது என் பாடம், கணக்கு. இயந்திரம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 54,000. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவருக்கு அது திரும்ப வராது. கருவிகள், மைக்ரோமீட்டர், ஸ்டாண்ட், வயரிங், எர்த் எல்லாம் சேர்த்து 46,000 போட்டால் மொத்தம் 4 லட்சம். இதே 4 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் இருந்தால் வருஷம் 32,800 வரும். வருமான வரிக் கணக்குப்படி இயந்திரத் தேய்மானம் 15 சதவீதம், முதல் வருஷம் 60,000. இரண்டும் சேர்ந்து 92,800. மாதத்துக்கு 7,700க்கு மேல். மின்சாரம், கருவி முனை, அவன் கூலி எதுவும் இதில் சேரவில்லை. இந்தச் செலவுகள் போக ஒரு புஷ்ஷுக்குக் கையில் 10 ரூபாய் நின்றால், மாதம் சுமார் 775 புஷ் விற்ற பிறகுதான் லாபம் என்ற பேச்சே.

நம் சங்கத்துக்குச் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. வீட்டு இணைப்பில் ஜாப் ஒர்க் செய்யக் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126வது பிரிவின்படி, அனுமதித்த உபயோகத்தை மாற்றினால் அந்த உபயோகத்துக்கான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடலாம். குடிசை மற்றும் குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டண வீதம் இருக்கிறது, அதில் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். உத்யம் பதிவுக்கு ஒரு பைசா செலவில்லை. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். லேத்தைவிடக் கம்ப்ரசர்தான் அதிகம் இரையும். அதைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். துண்டு, தொங்கும் சட்டை, கையுறை எதுவும் சுழலும் சக் பக்கம் போகக் கூடாது. ஷெட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வராமல் தாழ்ப்பாள் அவசியம்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. அவன் கோவை வேலையை விடவில்லை. ஆறு மாதம் இங்கே ஆர்டர் பிடித்து, கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் கடையக் கொடுத்து வாங்கி விற்கிறான். லாபம் குறைவுதான். ஆனால் யார் திரும்பக் கேட்கிறார்கள், யார் சொன்ன தேதியில் பணம் தருகிறார்கள் என்பது இயந்திரம் வாங்காமலே தெரிந்துவிடும். ஆறு மாதமும் ஆர்டர் நின்றால் பாதிப் பணம் நான் தருகிறேன். மீதிக்கு முத்ரா கடன் கேட்கலாம். அதில் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, அடமானம் தேவையில்லை. முதலில் ஆர்டர், பிறகு சோதனை, அதன் பிறகு இயந்திரம். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும்.

நம் குடியிருப்பில் யாராவது விலைப்பட்டியல் வாங்கியிருந்தால் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். கால்குலேட்டர் நான் கொண்டு வருகிறேன்.