பெட்டியில் இருப்பது எது?

(சின்னசேலத்தில் கணினி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பதினோராம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் நடத்தும்போது எனக்குக் கைகொடுக்கும் உதாரணம் நம் ஊர்தான். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை சின்னசேலம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது.

ஒரு படிவத்தில் 'மாவட்டம்' என்னும் உள்ளீட்டுப் பெட்டிக்கு 'வேல்யூ' பண்புக்கூறாக 'விழுப்புரம்' என்று எழுதி வைப்பேன். ஒரு மாணவி வந்து அதை அழித்துவிட்டுக் 'கள்ளக்குறிச்சி' என்று தட்டச்சு செய்வார். இப்போது 'கெட் ஆட்ரிபியூட்' கட்டளையால் கேட்டால் 'விழுப்புரம்' என்றே விடை வரும். பெட்டியின் 'வேல்யூ' பண்பை நேரடியாகக் கேட்டால் 'கள்ளக்குறிச்சி' வரும். முன்னது படிவத்தில் நாம் எழுதிய தொடக்க மதிப்பு. பின்னது இந்த நொடியில் பெட்டியில் இருப்பது. மாணவி எழுதியது வேண்டுமென்றால் பண்பைத்தான் கேட்க வேண்டும்.

மாற்றுவதிலும் கவனம் தேவை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். போட்டி ஒன்றுக்குப் பெயர் பதிய ஒரு படிவம் தயாரித்தேன். சேர்க்கை எண்ணை யாரும் திருத்தக் கூடாதென்று அந்தப் பெட்டியை நிரல் வழியாக 'டிசேபிள்டு' ஆக்கினேன். பதிவுகள் எல்லாம் வந்தன. எண் மட்டும் வரவில்லை. 'டிசேபிள்டு' ஆன பெட்டியின் மதிப்பை உலாவி அனுப்பாது. 'ரீட் ஒன்லி' ஆக்கியிருந்தால் திருத்தவும் முடியாது, மதிப்பும் போய்ச் சேரும்.

ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு மாணவர்கள். பதிந்தவர் யார் என்று தெரியவில்லை. ஒருவர் விடுமுறைக்குக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தார், அலைபேசி கிடைக்கவில்லை. கடைசி நாளும் முடிந்தது. பதிந்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. என் ஒரு சொல்லால் அவர் வாய்ப்பு போயிற்று.

இன்னொன்றை ஒரு மாணவர் எனக்குக் காட்டினார். அலைபேசி எண்ணுக்கு 'மேக்ஸ் லெங்த்' 10 என்று வைத்திருந்தேன். உலாவியின் உருவாக்குநர் கருவியைத் திறந்து அதை 20 ஆக்கி, நீளமான எண்ணை அனுப்பிவிட்டார். நான் கடியவில்லை, பாராட்டினேன். உலாவியில் வைக்கும் கட்டுப்பாடு நிரப்புபவருக்கு உதவி மட்டுமே. உண்மையான சரிபார்ப்பு சேவையகத்தில் நடக்க வேண்டும்.

அடுத்த வாரம் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இம்மூன்றையும் செய்து காட்டுங்கள். என்ன விடை வரும் என்று மாணவர்களை முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு இயக்குங்கள். தவறான விடை எழுதியவர்தான் அதை மறக்கமாட்டார், என்னைப் போல.