புள்ளிக் கரப்பானும் நம் தோட்டத்து மருந்தும்

(நலச்சங்கக் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏ பிளாக் இரண்டாம் மாடியில் ஒருவர் கரப்பான் பூச்சி வளர்க்கிறார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது நினைவிருக்கும். அந்த ஒருவர் நான்தான். படித்தது பி.காம்., பார்த்தது வங்கி கிளார்க் வேலை. பூச்சியியல் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. "நீங்களே பேசிவிடுங்க சார், அப்போதான் பேச்சு நிற்கும்" என்று செயலாளர் சொன்னதால் மைக் முன்னால் நிற்கிறேன்.

என் சொந்த ஊர் திருவக்கரை. உங்களில் பலர் பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போய் வருகிறீர்கள். அப்படியே கல்மரப் பூங்காவையும் பார்த்திருப்பீர்கள். 2 கோடி வருடத்துக்கு முன்னால் விழுந்த மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. 1781-ல் சொன்னராட் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதி வைத்தார். 1940 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. ஒரு சில்லு எடுத்தாலும் குற்றம், பேரப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

அந்த மரங்கள் ஏன் கல்லாயின? மண்ணும் மணலும் சீக்கிரம் மூடிவிட்டதால் மக்கிப்போக வழியில்லை. மரத்தின் உள்ளே மெல்ல மெல்ல சிலிக்கா புகுந்து உட்கார்ந்துகொண்டது. மூடப்படாமல் மேலே கிடந்த மரங்களைக் காளானும் பூச்சியும் தின்று மண்ணாக்கியிருக்கும். அந்த வேலையைக் காட்டில் இன்றும் செய்பவர்களில் கரப்பான் வகைகளும் உண்டு. மக்கிய மரத்துக்குள்ளேயே குடும்பமாக வாழும் மரக்கரப்பான்கள் இருக்கின்றன. கறையானே கரப்பான் குடும்பத்தின் ஒரு கிளைதான் என்று இப்போது விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குள் வளை தோண்டி, காய்ந்த இலையை இழுத்துவந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும் ஒரு பெரிய கரப்பான் உண்டு. எடை 30 கிராமுக்கு மேல் வரும், பத்து வருடம் வரை இருக்கும். அங்கே அதைச் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள்.

உலகத்தில் கரப்பான் வகை 4,000-க்கு மேல். மனிதன் வீட்டை நம்பிப் பிழைப்பவை அதில் முப்பது கூடத் தேறாது. நம் வீடுகளில் தொல்லை கொடுப்பவை முக்கியமாக இரண்டு: சாக்கடையிலிருந்து ஏறி வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குடியிருக்கும் சின்னது. இந்த இரண்டையும் நானும் செருப்பால்தான் அடிக்கிறேன்.

நான் வளர்ப்பது வேறு. ஊரில் எங்கள் முந்திரித் தோப்பில் மழைக்காலத்துக் காலை நேரங்களில் புதர் நுனியில் வந்து உட்காரும். வட்டமாக, பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு, கருகரு உடம்பில் ஏழு வெள்ளைப் புள்ளி. சிறுவயதில் நாங்கள் புள்ளிப் பூச்சி என்போம். அது கரப்பான் என்பதே ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்காவது பரவாயில்லை. 1758-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இதை வண்டு என்று நினைத்து ஆமைவண்டுக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். எங்கள் பாஷையில் சொன்னால், தப்பான லெட்ஜரில் பதிந்துவிட்டார். பிற்பாடு வந்தவர்கள் திருத்தினார்கள். பெயரில் இருக்கும் பெடிவர், லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர். சென்னைக் கோட்டையில் இருந்த கம்பெனி டாக்டர் சாமுவேல் பிரவுன் இங்கேயிருந்து அவருக்குச் செடிகொடிகளைச் சேகரித்து அனுப்பியவர்.

இது பார்வைக்கு வண்டு மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துக் காடுகளில் ஆறு வெள்ளைப் புள்ளியோடு ஒரு பெரிய தரைவண்டு ஓடும். தொட்டால் அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் பெரிய எரிச்சல். அந்த வண்டைப் போல வேஷம் போட்டுத்தான் இந்தச் சாது தப்பிக்கிறது என்கிறார்கள். பிள்ளைகள் புள்ளியை எண்ணிப் பார்த்துத் தொட வேண்டாம், எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. ஒரு பிளாஸ்டிக் டப், மேலே கொசுவலை கட்டிய மூடி. உள்ளே நாலு விரல்கிடை உயரத்துக்குத் தேங்காய் நார்க்கழிவு, சலித்த செம்மண், உளுத்த மரத்தூள், அதன் மேல் காய்ந்த இலை. ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும், மறுபக்கம் காய்ந்தே இருக்கலாம். கேரட் தோல், ஆப்பிள் தோல், வாரம் ஒரு நாய் பிஸ்கட். பெண் பூச்சி மண்ணில் முட்டைக்கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் பழுப்பாக, மண்ணுக்குள்ளேயே கிடக்கும். எட்டு ஒன்பது மாதம் எதுவும் கண்ணில் படாது. "மண்ணுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று என் வீட்டுக்காரம்மா சிரிப்பார். திடீரென்று ஒரு காலையில் புள்ளியோடு ஒன்று மேலே வந்து உட்கார்ந்திருக்கும். அதற்கப்புறம் அதற்கு ஆயுள் மூன்று நான்கு மாதம்தான்.

தப்பித்துச் சமையலறைக்கு வந்துவிடாதா என்று எதிர் வீட்டு அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. முட்டை பொரிக்கவும் குஞ்சு வளரவும் ஈர மண்ணும் சருகும் வேண்டும். டைல்ஸ் தரையில் இதற்குப் பிழைப்பு இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாமினோ என்ற பெயரில் இதைக் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். அங்கேயிருந்து ஒருவர் எனக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், நாலு ஜோடி அனுப்ப முடியுமா என்று. மறுத்துவிட்டேன். 2002-ம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் இங்கேயிருந்து உயிரினம் எடுக்கத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2008-ல் டார்ஜிலிங் பக்கம் பூச்சி பிடித்த செக் நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் கைதாகி, கோர்ட்டில் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் ஆனது. இந்த வயதில் எனக்கு அது தேவையா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் என்னிடம் இரண்டு டப் இருந்தன. ஊருக்குப் போக முடியவில்லை. அதனால் இரண்டாவது டப்புக்கு மட்டும் நம் வளாகத்துப் பாதாம் மரத்தடியிலிருந்து சருகு அள்ளிப் போட்டேன். நாலாம் நாள் மண்ணைக் கிளறினால் குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. எண்ணினேன். 26-ல் 21 செத்துவிட்டது. முதல் டப்பில் ஒன்றும் சாகவில்லை. அதே மண், அதே தண்ணீர், அதே கேரட். இலை மட்டும் வேறு. கேட் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். நான் சருகு அள்ளியதற்கு முதல் நாள்தான் மருந்து அடிக்கும் வண்டி வந்து போயிருக்கிறது.

நான் பூச்சிக்காக அழ வரவில்லை. அந்தப் பாதாம் மரத்தடியில்தான் சாயங்காலம் நம் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகிறார்கள். அந்தச் சருகைத்தான் தோட்டக்காரம்மா வெறுங்கையால் அள்ளுகிறார். நாம் மாதாமாதம் காசு கொடுத்து மருந்து அடிக்கச் சொல்வது எதற்கு? வீட்டுக்குள் வரும் இரண்டு வகைக்காக. அவை பெரும்பாலும் இருப்பது சாக்கடை சேம்பரிலும் சமையலறையிலும். நாமோ அவற்றின் பேரைச் சொல்லி, சருகையும் மண்ணையும் நனைத்துக்கொண்டிருக்கிறோம். சரக்கு ஒரு கிடங்கில் இருக்க, வேறு கிடங்குக்கு இன்சூரன்ஸ் கட்டுகிற கதை.

சமையலறைக்கு ஜெல் மருந்து போதும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில், அலமாரி கீல் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், அடித்தால் கரப்பான் அதைத் தொடாது, ஜெல் வைத்த காசு வீண். குளியலறைத் துவாரத்துக்கு ஜாலி. குழாய் சுவருக்குள் போகும் இடத்து இடுக்குக்குக் கொஞ்சம் சிமெண்ட். சேம்பர் மூடி உடைந்திருக்கிறது என்று சி பிளாக்கில் மூன்று கூட்டமாகச் சொல்கிறார்கள். அதை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும் என்பது என் கணிப்பு.

அடுத்த பொதுக்குழுவில் மருந்து ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. தோட்டத்தையும் மரத்தடியையும் அதிலிருந்து எடுத்துவிட்டு, ஜெல்லும் சேம்பரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். என் டப் பற்றியும் அன்றே முடிவெடுங்கள். வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால், பெட்டியோடு தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், மனஸ்தாபம் இல்லை. எடுத்துவந்த இடம் அதுதானே.

முதல் டப்பை இன்று கொண்டுவந்திருக்கிறேன், டீ மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடி கட்டியிருக்கிறது, திறக்க மாட்டேன். நேற்றுக் காலைதான் இரண்டு பூச்சி புள்ளி கட்டி மேலே வந்தன. விருப்பமுள்ளவர்கள் வலை வழியாகப் பாருங்கள்.