அதிகாரத்தில் இருப்பவருக்கு வரும் அன்பளிப்பு

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர், வசூலான பொருளைத் தனியாகவும், தமக்கு வந்த அன்பளிப்பைத் தனியாகவும் பிரித்து வைத்தார். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு உம்மைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் நபியவர்கள் கடிந்து கேட்டார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

அதே கேள்வியை இன்றைய கட்சிகளிடமும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2018இல் நம் நாட்டில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. ஸ்டேட் பேங்கில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக்கூடாது என்றிருந்த வரம்பும் 2017லேயே நீக்கப்பட்டிருந்தது. ஆக, நட்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவும் கொடுக்கலாம் என்றானது. 2024 ஜனவரி வரை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றன. மதிப்பில் பெரும்பகுதி ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். மத்தியில் ஆண்ட கட்சியும் மாநிலங்களில் ஆண்ட பல கட்சிகளும் பெற்றன. வேண்டாம் என்று மறுத்த கட்சியும் உண்டு.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இத்திட்டத்தை ரத்து செய்தது. வாக்காளரின் தகவல் அறியும் உரிமையை அது பறிக்கிறது என்றது தீர்ப்பு. பிறகு பட்டியல் வெளியானது. அதிகமாக வாங்கியது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய். 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. மற்ற மாநிலங்களில் சீட்டு வாங்கும் கூலிக்காரரின் காசு, கோடிகளாகத் திரண்டு கட்சிகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தர்மத்தை மறைவாகச் செய்வது சிறப்பு என்று மார்க்கம் சொல்கிறதே என்று சிலர் கேட்கலாம். ஏழையின் மானம் காக்கத்தான் அந்த மறைவு. உதவி பெறும் குடும்பங்களின் பெயரை நாமும் வெளியிடுவதில்லை. ஆனால் வரவு செலவை உங்கள் முன் வைக்கிறோம். ஆட்சியில் இருப்பவருக்குக் கொடுப்பது தர்மம் அல்ல. அங்கே மறைவு இருந்தால், யாருக்கு டெண்டர் போனது, எந்தச் சட்டம் யாருக்காகத் திருத்தப்பட்டது என்று கேட்கும் வழியே அடைபடும். நிலமும் தண்ணீரும் கூலியும் இழப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

நம்மால் ஆவது என்ன? 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அதைப் பார்க்கலாம். படித்த இளைஞர்கள் அதை எடுத்து ஜமாஅத்தில் விளக்கட்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம், உங்கள் கட்சிக்குப் பணம் தந்தவர் யார் என்று கேட்போம். அப்படிக் கேட்க வேண்டுமானால், தேர்தலுக்கு முந்தைய இரவு வரும் கவரை முதலில் நாம் திருப்பி அனுப்ப வேண்டும். வாக்கு ஓர் அமானிதம். அதை விற்றுவிட்டால் கேட்க வாய் இருக்காது.

இந்த அமானிதத்தைப் பேணும் உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.